மரண சாசனமும் மக்கள் பங்கும்

தம் பொருளை விரும்பியவர்க்கு எழுதி வைக்கலாம் என்பது இங்கிலாந்தின் தொன்றுதொட்ட நெறி எனப் பலர் கருதுவர். வரலாறு வேறு கூறுகிறது. இடைக்காலத்தில் அங்கும் அசையும் பொருள் மூன்று கூறாக்கப்பட்டது. மனைவிக்கு ஒன்று, மக்களுக்கு ஒன்று. எஞ்சிய ஒன்றே இறப்பவர் விருப்பத்துக்கு உரியது. வாரிசுகள் இசைந்தாலன்றி மூன்றில் ஒன்றுக்கு மேல் வஸிய்யத் செல்லாது என்னும் ஷரீஅத் நெறியை அறிந்த நமக்கு இவ்வொற்றுமை வியப்பளிக்கிறது.

அவ்வழக்கம் பல பகுதிகளில் முன்னரே மறைந்தது. யார்க் மாகாணத்தில் 1692இலும், லண்டனில் 1724இலும் சட்டத்தால் நீக்கப்பட்டது. பின்னர், பெற்ற மகனை ஒரு காசுமின்றி விலக்கலாம் என்றாயிற்று. ஸ்காட்லாந்து மட்டும் பழைய பங்கைக் கைவிடவில்லை.

விலக்கப்பட்ட குடும்பத்தார் நீதிமன்றத்தை நாட 1900இல் நியூசிலாந்து வழி திறந்தது. இங்கிலாந்து 1938இல் பின்பற்றியது; ஆயினும் உடல்நலமுள்ள வளர்ந்த மகனுக்கும் மணமான மகளுக்கும் அதில் இடமில்லை. 1975ஆம் ஆண்டுச் சட்டமே அத்தடையை அகற்றிற்று.

அதன் எல்லையை 2017இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் காட்டியது. 2004இல் இறந்த தாயொருவர், 17 வயதில் வீட்டைவிட்டு வெளியேறிய ஒரே மகளை விலக்கி, ஏறக்குறைய 4,86,000 பவுன் சொத்தில் பெரும்பகுதியைப் பிராணி நலச் சங்கங்களுக்கு எழுதினார். மேல்முறையீட்டு மன்றம் மகளுக்கு அளித்த 1,43,000 பவுன் தள்ளப்பட்டு, முதல் நீதிபதி வழங்கிய 50,000 பவுனே நிலைத்தது.

பழைய வழக்கில் மக்கள் பங்கு உரிமை. புதிய சட்டத்தில் அது நீதிபதியின் மதிப்பீடு. வரையறுத்த பங்கைக் கைவிட்ட சமுதாயம், அதனை வழக்காடிப் பெறும் நிலையை எய்தியது என்பதே இவ்வரலாற்றில் நாம் காணும் படிப்பினை.