அட்ட கள்ளும் இறக்கிய கள்ளும்

இன்றைய தமிழில் போதைக்கு இரண்டு வினைச்சொற்களே மிஞ்சியிருக்கின்றன. கள்ளை இறக்குகிறார்கள்; சாராயத்தைக் காய்ச்சுகிறார்கள். இறக்குவதற்கு மரம் வேண்டும், காய்ச்சுவதற்கு மறைவிடம் வேண்டும். இரண்டுக்குமே வீடு தேவையில்லை. சங்கப் பாடல்களில் மூன்றாவதாக ஒரு வினை இருக்கிறது: அடுதல். சோற்றுக்கு உரிய வினை அது. அடுப்பு என்ற பெயர் அதன் வழி வந்தது. பெரும்பாணாற்றுப்படை தோப்பியைக் குறிப்பிடும்போது வீட்டில் அட்ட கள் என்றே சொல்கிறது. தோப்பி என்பது நெல்லில் செய்த கள். தானியத்தில் செய்த மதுவை ஐரோப்பியன் பாட்டிலில் அடைத்துத் தந்தால் அதற்குப் பியர் என்ற பெயர் நமக்குத் தெரிகிறது. நம் அடுக்களையில் செய்ததன் பெயர் அகராதியில் மட்டும் கிடக்கிறது.

இந்த மறதியைத் திருச்சியிலிருந்து பார்ப்பது பொருத்தம். அகநானூற்றின் 137ஆம் பாட்டு உறையூர் முதுகூத்தனாருடையது. சோழர் தலைநகரான உறந்தைக்கு அவர் தருகிற அடைமொழி அதன் கள். இனிமையும் கடுமையும் கூடிய கள். அதைத் தொடர்ந்து ஆற்றங்கரைச் சோலை வருகிறது, பங்குனி விழா முடிந்த மறுநாள் வருகிறது. கூட்டம் கலைந்துபோன அரங்கத்தில் அடுப்புகள் தீயின்றிக் கிடக்கின்றன. பிரிவால் பொலிவிழந்த பெண்ணுக்கு அது உவமை. அந்த அரங்கம் ஸ்ரீரங்கம்தான் என்று கொள்கிறவர்கள் உண்டு. இன்றும் பங்குனியில் நம்பெருமாள் உறையூருக்கு எழுந்தருளிக் கமலவல்லி நாச்சியாரோடு சேர்த்தி காண்கிறார். மாதம் மாறவில்லை, இரண்டு ஊர்களுக்கு இடையிலான உறவும் மாறவில்லை. நகரத்தின் அடைமொழி மட்டும் உதிர்ந்துவிட்டது.

உறந்தையின் கள் மரத்தில் இறக்கியதா, தானியத்தில் அட்டதா என்று பாட்டு சொல்வதில்லை. நாம் அந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை. கள் என்றவுடன் பனையை நினைத்துக்கொண்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறோம். காவிரி நெல் விளைகிற பூமியில் இந்த அவசரம் நியாயமானதல்ல.

தானியக் கள்ளின் செய்முறை நமக்கு முழுமையாகவே எழுதிவைக்கப்பட்டிருக்கிறது. பெரும்பாணாற்றுப்படையின் பாட்டுடைத் தலைவன் தொண்டைமான் இளந்திரையன், நாடு காஞ்சி. ஆனால் பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனார்தான் பட்டினப்பாலையில் கரிகாலனையும், உறந்தையை அவன் வளம்படுத்தியதையும் பாடியவர். வலைஞர் குடியில் நடக்கிற காரியத்தை அவர் படிப்படியாகச் சொல்கிறார். தீட்டாத அரிசியைக் களியாகத் துழாவிக் கூழாக்குகிறார்கள். வாயகன்ற தட்டில் பரப்பி ஆற்றுகிறார்கள். ஆறிய பிறகு அடை ஒன்றைக் கலக்கிறார்கள். முளைகட்டிய நெல்லை இடித்தது என்று உரைமரபு அதற்குப் பொருள் கொள்கிறது. அதன் தோற்றத்துக்கு உவமை புற்றுக்குள் இருக்கும் குரும்பி. இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் விளைகிறது. பிறகு விரலால் அலைத்துப் பிழிகிறார்கள்.

இந்த வரிசையை அழகியல் வர்ணனையாக வாசிப்பது வீண். முளைக்கிற தானியத்தில் அமிலேஸ் என்ற நொதி ஊறுகிறது. மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைப்பது அதுதான். சர்க்கரையானால்தான் ஈஸ்ட் அதை மதுவாக்க முடியும். பார்லி மால்ட் தன் மாவுச்சத்தைச் சுமார் 65 டிகிரிச் சூட்டு நீரிலேயே சர்க்கரையாக்கிவிடும். அரிசி அவ்வளவு எளிதில் இளகாது, முதலில் வேகவேண்டும். வேகும் சூட்டில் முளையைப் போட்டால் நொதி செத்துவிடும். அதனால் வேகவைத்து, ஆற்றி, அதன் பிறகே முளை. புலவர் சொன்ன வரிசையில் ஒரு படியைக்கூட மாற்ற முடியாது. நின்று பார்த்தவரிடம் கேட்டோ தானே பார்த்தோ எழுதிய பாட்டு இது. பஸ்தர் பழங்குடிகள் செய்யும் லந்தாவில் அரிசி மாவை அவித்து, முளைகட்டி இடித்த மக்காச்சோளத்தைச் சேர்க்கிறார்கள். இடமும் தானியமும் வேறு, தர்க்கம் ஒன்றே.

அரைக்கும் பக்குவத்துக்கு வருவோம். இங்கிலாந்தில் 1963இல் வீட்டுப் பியருக்கான உரிமக் கட்டணம் நீங்கியது. அமெரிக்காவில் 1978இல் கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் வீட்டில் பியர் தயாரிப்பதற்கு வழிவிட்டது. அதன் பின் அங்கே மால்ட்டை வீட்டிலேயே அரைத்துக்கொள்வது ஒரு தனிக் கலையாகிவிட்டது. இரண்டு உருளைகளுக்கு நடுவே தானியத்தை விட்டு, உள்ளே உள்ள பருப்பு உடையவும் உமி கிழியாமல் நிற்கவும் இடைவெளியைத் திருத்துகிறார்கள். உமிதான் பிறகு வடிகட்டியாகப் பயன்படுகிறது. மாவாகிப் போனால் பசையாக அடைத்துக்கொள்ளும். முழு மணியாக நின்றால் நீர் உள்ளே இறங்காது. அரைத்து வைத்தால் நாளாக நாளாக மணம் போய்விடும் என்பதால் அன்றைக்கு வேண்டியதை அன்றைக்கே அரைக்கிறார்கள்.

நம் வீட்டுத் திருகைக்கு இது புதிய பாடமல்ல. குழியில் எத்தனை கைப்பிடி இடுகிறோம், எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறோம் என்பதைப் பொறுத்து உடைசலும் ரவையும் மாவும் கிடைக்கும். குத்துதல், தீட்டுதல், புடைத்தல், கொழித்தல், தெள்ளுதல், சலித்தல், உடைத்தல், திரித்தல் என்று இத்தனை வினைகளும், உமி, தவிடு, நொய், குருணை என்று இத்தனை பெயர்களும் உள்ள மொழியில் அரைப்பின் நுட்பத்தை வெளியிலிருந்து கற்கவேண்டிய அவசியம் இருந்திருக்காது. அந்த அறிவு பெண்களுடையது. கள் அடுகிறவர்களும் பெண்களே: அதே ஆற்றுப்படையில், கள் அடும் மகளிர் வட்டில் கழுவி ஊற்றிய நீர் வழிந்த சேற்றில் பன்றிக்குட்டிகள் புரள்கின்றன.

இதற்கு நேர் எதிரில் கோயிலின் அரிசி நிற்கிறது. சோழர் கல்வெட்டுகளில் திருவமுதுக்கு நெல்லை அரிசியாக்கும் கணக்கு ஒன்று வருகிறது. ஐந்து பங்கு நெல்லுக்கு இரண்டு பங்கு அரிசி. பாதிக்கும் குறைவு. தெய்வத்துக்கு உரியது நன்றாகக் குத்தி வெளுத்த அரிசி. தோப்பிக்கு உரியது குத்தாத அரிசி. ஸ்ரீரங்கம் கோயிலுக்குள் நிற்கும் பெரிய வட்ட நெற்களஞ்சியங்களைப் பார்க்கிறவனுக்கு ஒன்று விளங்கும். பக்தி இயக்கத்துக்குப் பின் காவிரிக் கரையின் உபரி நெல் எங்கே போய்ச் சேர்ந்தது, எந்தப் பயன் புனிதமானது, எது பேசக்கூடாததாயிற்று என்பதற்கு அவை சாட்சி. தானியம் மேலே போயிற்று. கள் மரத்தோடும் மரமேறுகிறவனின் சாதியோடும் ஒட்டிக்கொண்டது.

அகழாய்வில் தேடிப் பயனில்லை. சென்னைப் பல்கலைக்கழகம் 1965 முதல் 1969 வரை உறையூரில் அகழ்ந்தபோது கறுப்பு சிவப்புப் பானை ஓடுகளும் தமிழ்ப் பிராமி பொறித்த ஓடுகளும் ஒரு சாயத் தொட்டியும் கிடைத்தன. சாயத் தொழிலுக்குத் தனித் தொட்டி வேண்டும். தோப்பிக்குச் சோற்றுப்பானையும் சாடியும் போதும். வீட்டுக் கலை தனித் தடயம் விட்டுப்போவதில்லை. அதன் சரித்திரம் வினைச்சொல்லில்தான் இருக்கும்.

பிற்காலச் சட்டங்களும் மரத்தையே பார்த்தன. சென்னை மாகாணத்தின் 1886ஆம் ஆண்டு அப்காரிச் சட்டத்தின் ஆட்சியில் கள் இறக்கும் மரங்களுக்கு வரி வந்தது. 1921இல் ஈரோட்டில் கள்ளுக்கடை மறியல் நடந்தபோது நாகம்மையும் கண்ணம்மாளும் முன்னால் நின்றார்கள். பெரியார் தம் தோப்பிலிருந்த தென்னைகளை வெட்டிச் சாய்த்தார். கள்ளின் குறியீடு அதற்குள் மரமாகிவிட்டது. திருகையை உடைக்கவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. 1937இல் சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1948இல் மாகாணம் முழுவதற்கும் வந்தது. 1971இல் தளர்ந்து, 1974இல் திரும்பி, 1981இல் மறுபடி தளர்ந்தது. 1983இல் டாஸ்மாக் பிறந்தது, 2003 முதல் சில்லறைக் கடையும் அதனுடையதாயிற்று. 1987இல் கள்ளுக்குத் தடை. 1937ஆம் ஆண்டுச் சட்டம் திருத்தங்களோடு இன்றும் உயிரோடு இருக்கிறது. அதன்படி உரிமமின்றி வீட்டில் பியர் செய்வது குற்றம், அரசுக் கடையில் வாங்குவது வருவாய்.

குடி எத்தனை வீடுகளின் அடுப்பை அணைத்தது என்பதை மறந்துவிட்டு இதைப் பேசுவது பொறுப்பின்மை. கடைகளை மூடச்சொல்லித் தெருவில் உட்கார்ந்த பெண்களின் கோபத்துக்குப் பழம்பாட்டு பதிலாகாது. ஆனால் அந்தக் கோபம் கடையின் மீது. பெரும்பாணாற்றுப்படையிலேயே இரண்டும் தனித்தனியாக நிற்கின்றன: கவர்ந்து வந்த பசுக்களை விலையாகக் கொடுத்துக் குடித்த நறவு ஒரு வரியில், வீட்டில் அட்ட தோப்பி அடுத்த வரியில். முதலாவது வளர்ந்து அரசாங்கமாயிற்று. இரண்டாவது அதன் கைத்திறனோடு போய்விட்டது.

முழுவதும் போய்விடவில்லை. கேழ்வரகை ஊறவைத்து, துணியில் கட்டி முளைவிடச் செய்து, நிழலில் உலர்த்தி, திரித்து, மெல்லிய துணியில் சலித்துக் குழந்தைக்குக் கஞ்சி காய்ச்சுகிற வழக்கம் இருக்கிறது. முளைமாவுக் கஞ்சி கெட்டிப்படாமல் நெகிழ்ந்து நிற்பது அதே நொதியால்தான். தோப்பிக்காரியின் அறிவில் பாதி அந்த மாவு டப்பாவில் இருக்கிறது. பழம்பாட்டுக்குக் குறிப்பு எழுதுகிறவர்கள் பனையை அண்ணாந்து பார்த்தது போதும். கொஞ்சம் குனிந்து திருகையையும் பார்க்கலாம்.