ஓரெழுத்துச் சான்று: பழைய பென்னிகளும் அக்கசாலைக் குறிகளும்

பழைய நாணயமொன்று கைக்கு வந்தால், அதிலுள்ள அரசரின் உருவத்தையும் ஆண்டையுமே நாம் முதலில் நோக்குகின்றோம். யாருடைய காலம், எந்த ஆண்டு என்னும் வினாக்களுக்கு அவை விடை தருகின்றன. எங்கே அடிக்கப்பட்டது என்னும் வினாவுக்கோ, கடுகளவினதாகிய ஓரெழுத்தே சிலவேளைகளில் விடை பகர்கின்றது. இங்கிலாந்தின் வெண்கலப் பென்னி இதற்குத் தக்க சான்றாகும்.

1860 ஆம் ஆண்டில், செம்பாலான பென்னிக்குப் பதிலாக வெண்கலப் பென்னி வழக்கிற்கு வந்தது. இலண்டனிலிருந்த அரச அக்கசாலையின் வேலைப்பளு மிகுந்த காலங்களில், அப்பணியின் ஒரு பகுதி பேர்மிங்காம் நகரத் தனியார் அக்கசாலைகளிடம் ஒப்படைக்கப்பட்டது. அவற்றுள் முதன்மையானது ஹீற்றன் குடும்பத்தாரின் அக்கசாலை. மத்தியூ போல்ற்றன் நிறுவிய சோஹோ அக்கசாலையின் பொறிகளை இவர்கள் 1850 இல் ஏலத்தில் வாங்கியிருந்தனர்.

விக்டோரியா மகாராணியின் காலத்தில் 1874, 1875, 1876, 1881, 1882 ஆகிய ஆண்டுகளில் ஹீற்றன் அடித்த பென்னிகளில், ஆண்டின் கீழே 'எச்' என்னும் எழுத்தைக் காணலாம். ஐந்தாம் ஜோர்ஜ் மன்னர் காலத்தில் 1912, 1918, 1919 ஆகிய ஆண்டுகளில் அதே எழுத்து ஆண்டின் இடப்புறத்தே அமைந்தது. 1918, 1919 ஆகிய ஆண்டுகளில் அவ்விடத்தில் 'கே. என்.' என்னும் ஈரெழுத்துக்கள் காணப்படின், அந்நாணயம் கிங்ஸ் நோற்றன் உலோகக் கம்பனியில் அடிக்கப்பட்டதாகும்.

அவ்வாறாயின், குறியில்லாதன யாவும் இலண்டனில் அடிக்கப்பட்டனவென்று கொள்ளலாமா? கொள்ளலாகாது. வெண்கலப் பென்னியின் தொடக்க ஆண்டுகளில் பேர்மிங்காமிலுள்ள ஜேம்ஸ் வாற் கம்பனியாரும் பென்னி அடித்தனர். அவற்றில் அக்கசாலைக் குறி எதுவும் இல்லை.

1882 ஆம் ஆண்டுப் பென்னி மற்றோர் எச்சரிக்கையைத் தருகின்றது. அவ்வாண்டில் அரச அக்கசாலையின் பொறிகள் புதுப்பிக்கப்பட்டமையால், அவ்வாண்டுப் பென்னிகள் பெரும்பாலும் 'எச்' குறியுடையன. குறியற்றவை மிக அரியன. ஆதலின் பெருவிலை பெறுவன. பலர் கைபட்டுத் தேய்ந்து எழுத்து மறைந்தவையும், பொருளாசையால் எழுத்துச் சுரண்டப்பட்டவையும் அவ்வரிய நாணயமெனக் காட்டப்படுவதுண்டு. எனவே, ஆண்டின் கீழுள்ள வெளியை உருப்பெருக்காடியால் நுணுகி நோக்கல் வேண்டும். அதன் அச்சமைப்பை ஐயமற்ற நாணயங்களோடு ஒப்பிட்டும் பார்த்தல் வேண்டும்.

குறி இருப்பின் அது சான்று. குறி இல்லாமையோ, அஃது ஏன் இல்லை என்பதை ஆராய்ந்தறிந்த பின்னரே சான்றாகும். கல்வெட்டையும் ஏட்டையும் ஆராயும் மாணவர்க்கும் இவ்விதி பொருந்தும். 1971 ஆம் ஆண்டில் தசம நாணய முறை வந்ததும் இப்பென்னி வழக்கொழிந்தது. அது கற்பிக்கும் பாடமோ ஒழியவில்லை.