காசு, காப்பு, மறுபடியும் காசு

வீட்டுப் பெரியவர்களிடம் பழைய காசுமாலை இருந்தால் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். நிஜமாகவே பழசு என்றால் அதில் விக்டோரியா மகாராணியோ ஐந்தாம் ஜார்ஜோ பக்கவாட்டில் முகம் காட்டிக்கொண்டிருப்பார்கள். இன்றைக்கும் நாம் 'எத்தனை பவுன்?' என்று கேட்கிறோமே, அந்தப் பவுன் இந்த பிரிட்டிஷ் காசுதான். வெள்ளைக்காரனின் காசை வாங்கினோம், கோத்தோம், கழுத்தில் போட்டுக்கொண்டோம். ராஜா முகத்தை மட்டும் அழிக்கவில்லை.

பூமிப்பந்தின் இன்னொரு பக்கத்தில் ஒரு ஜனம் அழித்தது. அமெரிக்க, மெக்ஸிக வெள்ளி டாலர்களை எடுத்து, முகமும் எழுத்தும் மறையும்வரை சுத்தியலால் தட்டியது. தட்டியதைப் பட்டையாக்கி, அதன்மேல் தன் குலச் சின்னத்தைச் செதுக்கி, வளைத்துக் கையில் காப்பாகப் போட்டுக்கொண்டது.

அவர்கள் ஹைடாக்கள். கனடாவின் மேற்குக் கரைக்கு அப்பால், அலாஸ்காவுக்குச் சற்றுத் தெற்கே, பசிபிக் கடலில் கிடக்கிற ஹைடா குவாய் தீவுகள்தான் அவர்கள் நாடு. 1787-ல் அந்தப் பக்கம் வந்த ஓர் ஆங்கிலேயக் கப்பல் கேப்டன் அதற்கு ராணி சார்லட் தீவுகள் என்று பெயர் வைத்துவிட்டுப் போனார். சொந்தப் பெயர் அதிகாரபூர்வமாகத் திரும்பி வர 2010 ஆகிவிட்டது.

எதற்காகக் காசைத் தட்டினார்கள்? ஆசையினால் மட்டுமல்ல. ஹைடாக்களில் இரண்டு பெரும் பிரிவுகள். அண்டங்காக்கை ஒன்று, கழுகு இன்னொன்று. அதற்குள் பல குலங்கள், குலத்துக்கென்று சின்னங்கள். கரடி, ஓநாய், கொலைத் திமிங்கிலம் என்று அந்தச் சின்னங்களை உடம்பில் பச்சை குத்திக்கொள்வது வழக்கம். பாதிரிமார்கள் வந்தார்கள். பச்சை குத்துவது காட்டுமிராண்டித்தனம் என்றார்கள். சரி, தோலில் இருக்கக்கூடாது, அவ்வளவுதானே? சின்னம் தோலிலிருந்து வெள்ளிக்கு இடம் மாறியது. மணிக்கட்டு முதல் முழங்கை வரை அடுக்கடுக்காகக் காப்பு போட்ட பெண்கள் இருந்தார்கள். பார்க்கிறவருக்கு அது நகை. போட்டிருப்பவருக்கு விலாசம்.

அடி அதோடு நிற்கவில்லை. 1862-ல் அம்மை வந்தது. கிராமம் கிராமமாக வாரிக்கொண்டு போனது. ஆயிரக்கணக்கில் இருந்த ஹைடாக்கள், 1900-ஐ ஒட்டி சுமார் 600 பேர். மிச்சமிருந்தவர்களின் போட்லாட்ச் விருந்துக்கும் கனடா அரசு 1885 முதல் தடை போட்டது. போட்லாட்ச் என்பது வெறும் சாப்பாட்டுப் பந்தி அல்ல. கல்யாணம், வாரிசு, பட்டம் எல்லாவற்றையும் ஊரைக் கூட்டி அறிவித்து, வந்தவர்களுக்கு வாரி வழங்குவது. வாங்கிக்கொண்டவர்தான் சாட்சி. எழுத்தில் பதிவு வைத்துக்கொள்ளாத சமூகத்துக்கு அதுதான் ரிஜிஸ்டர் ஆபீஸ். பி.காம். படித்த எனக்கு, கையில் எவ்வளவு மிச்சம் என்பதுதான் கணக்கு. அவர்களுக்கு எவ்வளவு கொடுத்தோம் என்பது கணக்கு. அந்தக் கணக்குப் புத்தகத்தைத்தான் பறித்தார்கள்.

இப்போது ஒரு அம்மாவைப் பார்க்கலாம். பெயர் ஸோஃபி. ஹைடாப் பெண். பூர்வகுடிக் குழந்தைகளை 'நாகரிகப்படுத்த' நடத்தப்பட்ட விடுதிப் பள்ளியில் படித்தவர். தாய்மொழியும் பழக்கவழக்கங்களும் வெட்கப்பட வேண்டிய விஷயங்கள் என்று கற்றுக்கொடுத்த பள்ளிகள் அவை. பிறகு ஒரு வெள்ளைக்காரரைக் கல்யாணம் செய்துகொண்டார். அன்றைய கனடா சட்டப்படி, வெளியாளை மணந்த பூர்வகுடிப் பெண் அந்தக் கணமே பூர்வகுடி அல்ல. ஸோஃபியும் தன் குழந்தைகளிடம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. 1920-ல் பிறந்த மூத்த பையன் பில் ரீட், தான் யார் என்பதே தெரியாமல் வளர்ந்தான். பார்க்க வரும் சித்திமார் கைகளில் விசித்திரமான காப்புகள் இருக்கும். விஷயம் புரிந்தபோது பையனுக்குப் பதின்ம வயது.

இதில் ஒரு வேடிக்கை. ஹைடாக்கள் தாய்வழிச் சமூகம். கனடா சட்டத்துக்கு ஸோஃபியே பூர்வகுடி இல்லை. ஹைடா சட்டத்துக்கோ, அப்பா யாராக இருந்தாலும் அவர் பிள்ளை முழு ஹைடா.

ரீட் வானொலி அறிவிப்பாளர் ஆனார். நல்ல கணீர்க் குரல். 1943-ல், 23 வயதில், அம்மாவின் ஊரான ஸ்கிட்கேட்டுக்குப் போனார். அங்கே தாத்தா சார்லஸ் கிளாட்ஸ்டன், வெள்ளியில் செதுக்குகிற கைவினைஞர். தாத்தாவின் தாய்மாமன் சார்லஸ் ஈடன்ஷா, ஹைடாக் கலைஞர்களிலேயே மிகப் பெரியவர் என்று கொண்டாடப்படுகிறவர். அவர் காலமானது, ரீட் பிறந்த அதே 1920-ல்!

தாத்தா காலடியில் உட்கார்ந்து பேரன் தொழில் பழகினார் என்று எழுதத்தான் ஆசை. அப்படி நடக்கவில்லை. பார்த்தார், பேசினார், திரும்பிவிட்டார். 1948-ல் டொராண்டோ வானொலிக்கு வேலை மாறிப் போனவர், ரயர்ஸன் கல்வி நிலையத்தில் நகைத் தொழில் வகுப்பு இருப்பதைப் பார்த்துச் சேர்ந்தார். இரண்டு வருடம். சொல்லிக்கொடுத்தது எல்லாம் ஐரோப்பிய முறை. பற்றவைப்பது, மெழுகு அச்சில் வார்ப்பது, தகட்டைப் பின்பக்கமிருந்து தட்டி உருவத்தை முன்பக்கம் எழுப்புவது. எந்த ரயர்ஸன்? கனடாவின் விடுதிப் பள்ளித் திட்டத்துக்கு யோசனை சொன்னவர்களில் ஒருவர் என்பதால், 2022-ல் ஒரு பல்கலைக்கழகமே தன் பெயரிலிருந்து நீக்கியதே, அந்த ரயர்ஸன். அம்மாவை மறக்கச் சொன்ன திட்டத்தின் மூதாதை பெயரில் இருந்த இடத்தில்தான் மகன் சுத்தியல் பிடிக்கக் கற்றான்.

1951-ல் ரீட் மேற்குக் கரைக்குத் திரும்பினார். போட்லாட்ச் தடை சட்டப் புத்தகத்திலிருந்து மறைந்ததும் அதே வருடம்.

1954-ல் தாத்தா இறந்தார். துக்கத்துக்கு ஸ்கிட்கேட் போன இடத்தில், ஈடன்ஷா செதுக்கிய ஒரு ஜோடிக் காப்பு ரீட் கண்ணில் பட்டது. அந்த இரண்டு காப்புகளைப் பார்த்த பிறகு உலகமே தனக்கு வேறாகிவிட்டது என்று பின்னாளில் சொல்லியிருக்கிறார். அப்படி என்ன இருந்தது அதில்? ஹைடாச் சித்திரத்துக்கு ஓர் இலக்கணம் உண்டு. ஒரே கோடு தடித்து, மெலிந்து, வளைந்து உருவம் முழுக்க ஓடும். கண்ணும் மூட்டும் இருக்கிற இடத்தில் முனை மழுங்கிய நீள்வட்டம். இறகும் துடுப்பும் வருகிற இடத்தில் லாட வடிவம். காப்பு என்கிற குறுகலான பட்டைக்குள் ஒரு முழுக் கரடி அடங்க வேண்டும். கோடு எங்கேயும் திணறக்கூடாது.

கற்றுக்கொடுக்க ஆள் இல்லை. மியூசியங்களில் இருந்த பழைய பொருள்களும், புத்தகங்களில் இருந்த படங்களும்தான் வாத்தியார்கள். ஈடன்ஷாவின் வேலைகளை வரிக்கு வரி பிரதி எடுத்தார். நாம் இரட்டைக்கோடு நோட்டில் எழுதிப் பழகவில்லையா, அந்த மாதிரி. கை பழகியதும் சொந்தமாக எழுதத் தொடங்கினார். டொராண்டோவில் படித்த வித்தை அப்போதுதான் உதவிக்கு வந்தது. தட்டையாகச் செதுக்கப்பட்டுவந்த காப்பில், அவர் செய்த மிருகங்கள் புடைத்துக்கொண்டு எழுந்தன.

அப்புறம் உருவங்கள் வளர்ந்தன. 1970-ல் உள்ளங்கையில் அடங்குகிற ஒரு மரச் சிற்பம். சிப்பிக்குள்ளிருந்து முதல் மனிதர்கள் எட்டிப் பார்க்க, மேலே அண்டங்காக்கை. அதையே 1980-ல் ஆள் உயரத்துக்கு மேலே தேவதாரு மரத்தில் செய்து, வான்கூவர் மானிடவியல் மியூசியத்தில் வைத்தார்கள். இத்தனைக்கும் 1970-களிலேயே அவருக்குப் பார்க்கின்சன் நோய். பொற்கொல்லருக்குக் கை நடுக்கம்! உதவியாளர்களைக் கொண்டு வேலையைத் தொடர்ந்தார். 1966-ல் அவரிடம் தொழில் பழக வந்த ராபர்ட் டேவிட்சன் யார் தெரியுமா? ஈடன்ஷாவின் கொள்ளுப்பேரன். அறுந்த சங்கிலி எங்கே வந்து கோத்துக்கொண்டது பாருங்கள்.

1987-ல், வாஷிங்டனில் இருக்கிற கனடா தூதரகத்துக்கான பிரம்மாண்ட வெண்கலப் படகு வேலையை ரீட் பாதியில் நிறுத்தினார். அங்கே ஹைடா குவாயில் மரம் வெட்டிக் காட்டை மொட்டையடித்துக்கொண்டிருக்கிறீர்கள், இங்கே என் சிற்பத்தை வைத்துப் பெருமையடித்துக்கொள்வீர்களா என்பது அவர் கேள்வி. அதே வருடம் தெற்குத் தீவுகளின் காடுகளைக் காக்க ஒப்பந்தம் ஆனது. படகு 1991-ல் போய்ச் சேர்ந்தது.

1998 மார்ச்சில் ரீட் காலமானார். அவர் அஸ்தியை, அவரே வடிவமைத்த 'லூ டாஸ்' என்ற படகில் ஏற்றித் துடுப்புப் போட்டுக் கொண்டுபோனார்கள். 'லூ டாஸ்' என்றால் அலையைத் தின்கிறவன். சேர்ந்த இடம் தானூ. ஆளொழிந்து கிடந்த பாட்டியின் கிராமம். தாய்வழிப் பிள்ளை தாய்வழி மண்ணுக்கே போனான்.

கடைசியாக ஒரு கணக்கு. 2004-ல் கனடா அரசு புதிய 20 டாலர் நோட்டு வெளியிட்டது. ஒரு பக்கம் இரண்டாம் எலிசபெத். மறுபக்கம் ரீட்டின் படகு, ரீட்டின் அண்டங்காக்கை, ரீட்டின் கரடி. ராணி முகம் வாசற்பக்கம் என்றால், கொல்லைப்பக்கம் முழுக்க ஹைடா.

ஒரு காலத்தில் காசை அடித்து நொறுக்கி அதில் தங்கள் பெயரை எழுதிக்கொண்டார்கள். பிறகு அரசாங்கமே அந்தப் பெயரைக் காசில் அச்சடித்துக் கொடுத்தது. கணக்கு நேராகிவிட்டது என்று சொல்லமாட்டேன். 600 பேராகச் சுருங்கிய ஜனத்தின் கணக்கை எந்த நோட்டாலும் நேர் செய்ய முடியாது. ஆனால் மகனிடம்கூடச் சொல்லாமல் ஒரு அம்மா மறைத்து வைத்த சின்னம், கனடாக்காரர்கள் அத்தனை பேர் சட்டைப்பையிலும் போய் உட்கார்ந்தது.

அதற்கு வழி காட்டியது இரண்டே இரண்டு காப்பு.