பரத்பூரில் பறவையும் எருமையும்

ராஜஸ்தான் பரத்பூருக்குப் பறவை பார்க்கப் போறவங்க கேவலாதேவ் பூங்காவுல ஒரு கல்வெட்டைப் பார்த்திருப்பீங்க. 1938 நவம்பர் 12ல வைஸ்ராய் லின்லித்கோ கூட்டம் ஒரே நாள்ல சுட்டது 4,273 பறவைகளாம்! (பெருமையா பொறிச்சு வேற வெச்சிருக்காங்க.)

எனக்கு அதைவிட உறுத்துறது 1982. கம்பீர், பாண்கங்கா ஆறுகளோட வெள்ளச் சமவெளி இது. சுத்துப்பட்டு ஊர் எருமைகள் காலங்காலமா மேஞ்ச இடம். தேசியப் பூங்கா ஆனதும் மேய்ச்சலுக்குத் தடை வந்துச்சு. எதிர்த்த கிராமத்துக்காரங்க மேல போலீஸ் சுட்டு உயிர்களே போச்சு.

பறவைக்காகத்தானே தடை? ஆனா மும்பை இயற்கை வரலாற்றுக் கழகம் 1980லேர்ந்து பத்து வருஷம் ஆராய்ஞ்சு என்ன சொல்லுச்சு தெரியுமா? எருமை மேயாததால புல் மண்டி, தண்ணிப் பரப்பு சுருங்கி, நீர்ப்பறவைகள் குறைஞ்சுபோச்சாம். அப்பவும் எருமையை விடலை. புல் அறுக்க மட்டும் ஊர்க்காரங்களை உள்ளே விட்டாங்க.