இலங்கைப் பாடசாலை வகைகளும் ஆங்கிலக் கல்வியும்

இலங்கையில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட அரச பாடசாலைகள் உள்ளன. மத்திய கல்வி அமைச்சின் கீழ் இயங்குபவை தேசிய பாடசாலைகள். எஞ்சிய பெரும்பான்மை மாகாண சபைகளிடம். நடத்தும் வகுப்புகளைப் பொறுத்து இன்னொரு பிரிவும் உண்டு: உயர்தர விஞ்ஞானம் வரை உள்ளவை 1ஏபி, உயர்தரத்தில் கலை, வணிகம் மட்டும் உள்ளவை 1சி, தரம் 11உடன் நிற்பவை வகை 2, தரம் 5 அல்லது 8 வரை மட்டும் உள்ளவை வகை 3. 

சர்வதேசப் பாடசாலைகளோ கல்வி அமைச்சில் அல்ல, கம்பனிச் சட்டத்தின் கீழ் பதிவாகின்றன. வணிக நிறுவனமாகப் பதிந்து வகுப்பு நடத்தும் விநோதம்!

அரச பாடசாலைகளில் முதலாம் தரத்தில் ஆங்கிலம் பேச்சும் விளையாட்டுமாகத் தொடங்குகிறது. தரம் 3இலிருந்து முறையான பாடம். 2000களின் தொடக்கத்தில், தேர்ந்தெடுத்த பாடசாலைகளில் தரம் 6 முதல் இருமொழிக் கல்வி வந்தது. அங்கே ஒரே பிள்ளை காலையில் ஆங்கிலத்தில் கணிதம் கற்று 'ட்ரையாங்கிள்' வரைந்து, இடைவேளைக்குப் பின் வரலாற்றைத் தமிழிலோ சிங்களத்திலோ படிக்கும். சமயமும் தாய்மொழியிலேயே. கணிதத்தை ஆங்கிலத்தில் கற்பிக்க ஆசிரியர் கிடைப்பதுதான் பாடு. கிராமத்துப் பாடசாலைகளில் அது இன்னும் கடினம்.