கதவைத் தூக்குவது மோட்டார் அல்ல

கராஜ் கதவை எது திறக்கிறது என்று கேட்டால், அமெரிக்காவில் வீடு வைத்திருக்கும் பெரும்பாலானவர்கள் கூரையில் தொங்கும் பெட்டியைத்தான் காட்டுவார்கள். பொத்தானை அமுக்கியதும் அதுதான் உறுமுகிறது, அதில்தான் விளக்கு எரிகிறது, கதவு மேலே போகிறது. அதன் பெயரே ஓப்பனர். ஆனால் கதவின் எடையைச் சுமப்பது அது இல்லை. கதவுக்கு மேலே ஓர் இரும்புத் தண்டைச் சுற்றிக்கொண்டு சத்தமில்லாமல் கிடக்கும் ஸ்பிரிங்தான் சுமக்கிறது. எடை சமன் செய்யப்பட்ட கதவை இப்படியும் அப்படியும் நகர்த்துவது மட்டும்தான் ஓப்பனரின் வேலை.

இது புரிந்துவிட்டால் பழைய கதவு ஏன் நல்ல ஓப்பனரையும் காலி செய்கிறது என்பது புரியும். கதவை ரிப்பேர் செய்த கையோடு ஓப்பனரையும் ஏன் திருத்தியமைக்க வேண்டும் என்பதும் புரியும். இந்தச் சின்ன விஷயத்துக்காக அமெரிக்க நாடாளுமன்றம் ஏன் சட்டம் போட்டது என்பதும் புரியும்.

நம்ம ஊர் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. இங்குள்ள கராஜ் கதவு நாலைந்து பலகைகளைக் கீல் போட்டு இணைத்தது. இரண்டு ஓரத்திலும் சின்னச் சக்கரங்கள். அவை தண்டவாளம் போன்ற பாதையில் மேலே ஏறி, வளைந்து, கூரைக்கு அடியில் படுத்துக்கொள்ளும். கடைத்தெருவில் ரோலிங் ஷட்டர் பார்த்திருப்பீர்கள். மேலே உருளைக்குள் ஸ்பிரிங் இருக்கும். அது நன்றாக இருக்கும்வரை கடைப் பையன் கொக்கிக் கம்பியால் ஒரு இழுப்பு இழுத்தால் போதும். ஸ்பிரிங் தளர்ந்துவிட்டால் அதே ஷட்டருக்கு இரண்டு பேர் வேண்டும். தத்துவம் ஒன்றுதான்.

1921-இல் தொடங்கும் கதை

ஆரம்பகாலக் கார்கள் குதிரை வண்டிக் கொட்டகையிலேயே நின்றன. கதவுகளும் கொட்டகைக் கதவுகள்தான், கீலில் வெளிப்பக்கமாகத் திறப்பவை. டெட்ராய்ட் பக்கத்துப் பனியில் இந்தக் கதவைத் திறப்பது என்றால், முதலில் மண்வாரியை எடுத்துக் கதவு திரும்பும் இடம் முழுக்கப் பனியை அள்ள வேண்டும். 1908-இல் வந்த ஃபோர்டின் மாடல் டி கார் சாதாரண மக்களின் வீட்டு வாசலுக்கு வந்தபின், இது ஒரு சிலரின் தொந்தரவாக இல்லாமல் ஊர்ப் பிரச்சினை ஆனது.

1921-இல் சி.ஜி. ஜான்சன் என்பவர் மேல்நோக்கித் தூக்கும் கதவைக் கண்டுபிடித்தார். அவர் தொடங்கிய ஓவர்ஹெட் டோர் நிறுவனம் இன்றும் இருக்கிறது. கதவின் சிறிய மாதிரி ஒன்றைத் தன் மாடல் டி காரின் பின்புறம் பொருத்திக்கொண்டு, ஊர் ஊராகப் போய் விற்பனையாளர்களைச் சேர்த்தார் என்று அந்த நிறுவனத்தின் வரலாறு சொல்கிறது. மின்சார ஓப்பனரையும் 1926-இல் அவரே கொண்டுவந்தார். கனமான கதவைக் கையால் தூக்கச் சிரமப்படுபவர்களுக்காக வந்த கருவி அது.

முதலில் கதவு, ஐந்து வருடம் கழித்து ஓப்பனர். இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். கையால் திறக்கக்கூடிய கதவு முன்பே இருந்தது, அதற்கு உதவியாகத்தான் மோட்டார் வந்தது. இன்றைக்கு நமக்கு இது தலைகீழாகத் தெரிகிறது.

ஸ்பிரிங்கின் கணக்கு

தண்டின் இரு முனையிலும் ஒரு கப்பி. அதிலிருந்து இறங்கும் கம்பிவடம் கதவின் அடிமூலையைப் பிடித்திருக்கும். 7 அடி உயரக் கதவுக்கு வழக்கமான 4 அங்குலக் கப்பி என்றால், ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய ஓர் அடி கதவு ஏறும். எனவே ஸ்பிரிங்கைச் சுமார் ஏழரைச் சுற்று முறுக்கி வைப்பார்கள். கதவு ஏற ஏற ஸ்பிரிங்கின் முறுக்கு குறையும். அதே நேரத்தில் பலகைகள் ஒவ்வொன்றாகப் படுக்கைப் பாதைக்குள் போய்விடுவதால், வடத்தில் தொங்கும் எடையும் குறையும். இரண்டும் சேர்ந்தே குறைகின்றன. அதனால் கதவு எந்த உயரத்திலும் ஏறக்குறைய எடையில்லாததுபோல் நிற்கும். மின்சாரம் கிடையாது, சென்சார் கிடையாது, ஒரு வரி கோட் கிடையாது. கோட் எழுதிப் பிழைக்கும் எனக்கு இதைப் பார்த்தால் கொஞ்சம் பொறாமைதான்.

ஆனால் ஸ்பிரிங்குக்கு ஆயுள் உண்டு. சாதாரண வீட்டு ஸ்பிரிங்கை 10,000 முறை ஏறி இறங்கும் கணக்கில் செய்கிறார்கள். ஒரு நாளைக்கு நான்கு முறை என்றால் 2,500 நாள். ஏழு வருடம்கூட முழுசாக இல்லை. கூடவே சக்கரம் தேயும், கீல் துருப்பிடிக்கும், பாதை கோணும். வெப்பத்தைத் தடுக்கப் பின்பக்கம் நுரைப்பலகை ஒட்டுவார்கள், வருடங்கள் போகப்போக வண்ணம்மேல் வண்ணம் பூசுவார்கள். கதவின் எடை கூடும். ஸ்பிரிங்கோ பழைய எடைக்காகச் செய்தது.

கையால் தூக்குபவராக இருந்தால் இந்த வித்தியாசம் தோளுக்கு உடனே தெரிந்துவிடும். ஓப்பனர் இருந்தால் தெரியாது. அது முனகிக்கொண்டே இழுக்கும், கதவின் முதுமையை வீட்டுக்காரரிடமிருந்து மறைத்து வைக்கும்.

மறைப்பதன் விலை

"அரைக் குதிரைசக்தி மோட்டாருக்கு இதெல்லாம் ஒரு எடையா?" என்று கேட்கலாம். கணக்குப் போட்டே பார்ப்போம். 84 கிலோ கதவை வினாடிக்கு 18 சென்டிமீட்டர் வேகத்தில் தூக்கச் சுமார் 150 வாட் போதும். அரைக் குதிரைசக்தி என்பது சுமார் 370 வாட். காகிதத்தில் தாராளமாகத் தூக்கிவிடும். ஏமாற்றமே அங்கேதான். மோட்டாருக்கும் கதவுக்கும் நடுவில் இருக்கும் பாகங்கள் அந்தச் சுமைக்குச் செய்தவை அல்ல. பல ஓப்பனர்களில் மோட்டாரின் விசை நைலான் பற்சக்கரம் ஒன்றின் வழியாகத்தான் சங்கிலிக்குப் போகிறது. பெட்டியைத் திறந்தால் உள்ளே வெள்ளைத் தூள் சிந்திக்கிடக்கும். பற்கள் தேய்ந்ததன் மிச்சம் அது. கதவின் மேல்பலகையும் அப்படித்தான். ஓப்பனரின் கை அதை நடுவில் ஒரே இடத்தில் பிடித்து இழுக்கிறது. கதவு கனத்தால் அந்தப் பலகை வளையும், பிறகு கிழியும்.

84 என்ற எண்ணை நான் சும்மா எடுக்கவில்லை. டெட்ராய்ட் புறநகரில் நாங்கள் வாங்கிய வீட்டில் போன குளிர்காலம் ஒரு விடியற்காலையில் ஸ்பிரிங் அறுந்தது. பட்டாசு வெடித்த மாதிரி ஒரு சத்தம். வந்த மெக்கானிக் வேலையை முடித்துவிட்டு மட்டும் போகவில்லை, பாடமும் எடுத்தார். அறுந்த ஸ்பிரிங்கைக் கழற்றியபின் கதவை மெதுவாகக் குளியலறை எடைமெஷின்மேல் இறக்கினார். 185 பவுண்டு, நம் கணக்கில் 84 கிலோ. பழைய ஸ்பிரிங்கின் கம்பித் தடிமனையும் நீளத்தையும் அளந்து, "இது 150 பவுண்டு கதவுக்கான ஸ்பிரிங் சார். நுரைப்பலகையை அப்புறம் யாரோ ஒட்டியிருக்காங்க" என்கிற அர்த்தத்தில் சொன்னார். பிறகு ஓப்பனரின் பின்பக்கத்தைக் காட்டினார். விசையைக் கூட்டவும் குறைக்கவும் இரண்டு திருகுகள். இரண்டையும் ஏறக்குறைய கடைசிவரை திருகிவைத்திருந்தார்கள். முன்பு இருந்தவர்கள் காலத்து வேலை. கதவு பாதியில் நின்றிருக்கும், யாரோ விசையைக் கூட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

எங்கள் தொழிலில் இதற்குச் சமமான பழக்கம் ஒன்று உண்டு. சர்வர் மெதுவாகப் பதில் சொன்னால், காரணத்தைத் தேடாமல் டைம்அவுட்டைக் கூட்டிவிடுவது. எச்சரிக்கை நின்றுவிடும், நோய் அப்படியே இருக்கும். ஆனால் கதவு விஷயத்தில் அந்த எச்சரிக்கை எதற்காக வைக்கப்பட்டது என்று தேடிப் படித்தபோதுதான் வயிற்றைக் கலக்கியது.

குழந்தைகள்

கதவு இறங்கும்போது ஏதாவது தடுத்தால், ஓப்பனர் அதை எப்படி உணர்கிறது? வழக்கத்தைவிட அதிக விசை தேவைப்பட்டால் "ஏதோ இடிக்கிறது" என்று எடுத்துக்கொண்டு திரும்ப மேலே போகிறது. அந்த "வழக்கம்" எவ்வளவு என்பதைத்தான் அந்தத் திருகு முடிவு செய்கிறது. கனத்த கதவையும் தேய்ந்த சக்கரத்தையும் சமாளிக்க அதைக் கூட்டினால், நடுவில் மாட்டியது குழந்தையாக இருந்தாலும் ஓப்பனருக்கு அது பழைய கதவின் இறுக்கமாகவே தெரியும்.

1982 மார்ச்சுக்குப் பிறகு 2 முதல் 14 வயதுவரையுள்ள சுமார் 60 குழந்தைகள் தானியங்கிக் கராஜ் கதவுகளுக்கு அடியில் சிக்கி இறந்ததாக அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட எச்சரிக்கைக் குறிப்பு சொல்கிறது. யூஎல் 325 என்ற பாதுகாப்புத் தரவிதி அப்போதே இருந்தது. ஆனால் அது தயாரிப்பாளர்கள் தாமாக முன்வந்து ஏற்றுக்கொள்வது. 1990-இல் நாடாளுமன்றம் அதைச் சட்டமாக்கியது. அதன்படி 1993 ஜனவரி 1 முதல் தயாரிக்கப்படும் வீட்டு ஓப்பனர்களுக்கு, இடித்தால் திரும்புவது மட்டும் போதாது. இரண்டாவது பாதுகாப்பு ஒன்றும் வேண்டும். இன்று கதவின் இரு பக்கமும் தரையிலிருந்து 6 அங்குலத்துக்கு மேல் போகாமல் பொருத்தியிருக்கும் ஒளிக்கண்கள் அப்படி வந்தவைதான்.

ஒளிக்கண்ணுக்குக் கதவு எவ்வளவு பழையது என்பதைப் பற்றிக் கவலை இல்லை. விசையை வைத்து ஊகிப்பது கதவின் உடல்நிலையை நம்பியிருக்கிறது, ஒளிக்கற்றை அப்படி இல்லை. அந்தச் சட்டத்தின் புத்திசாலித்தனமாக நான் பார்ப்பது இதைத்தான். ஆனாலும் ஒளிக்கற்றை ஒரே ஒரு கோடு. அதற்கு மேலே நீட்டிய கையைக் காப்பாற்ற விசையின் அளவு சரியாக இருந்தே ஆக வேண்டும்.

ரிப்பேருக்குப் பிறகு

ஸ்பிரிங்கை மாற்றி, சக்கரங்களைப் புதுப்பித்து, கதவு பூப்போல ஆனபின்னும் ஓப்பனர் பழைய கதவைத்தான் நினைவில் வைத்திருக்கும். திருகு உள்ள மாடலில் விசையைக் குறைக்க வேண்டும். தானே கற்றுக்கொள்ளும் மாடலில் கதவை ஏற்றி இறக்கி மறுபடி கற்றுக்கொடுக்க வேண்டும். இதைச் செய்யாமல் விட்டால் ரிப்பேர் பாதிதான் முடிந்தது. எங்கள் மெக்கானிக் கடைசியாகச் செய்தது, ஒன்றரை அங்குல உயரமுள்ள மரக்கட்டையைத் தரையில் படுக்கவைத்துக் கதவை அதன்மேல் இறக்கியது. தொட்ட இரண்டு வினாடிக்குள் திரும்ப வேண்டும் என்பது விதி. திரும்பியது.

இன்னொரு பாடம் கலிஃபோர்னியாவில் கிடைத்தது. 2017 அக்டோபர் காட்டுத்தீயின்போது மின்சாரம் போன இரவில், கராஜ் கதவைத் திறந்து வெளியேற முடியாமல் முதியவர்கள் சிலர் இறந்ததாகச் செய்திகள் வந்தன. அடுத்த வருடமே அந்த மாநிலம் சட்டம் போட்டது. 2019 ஜூலை 1 முதல் அங்கே விற்கும் வீட்டு ஓப்பனர்களில் மாற்று பேட்டரி கட்டாயம். நல்ல சட்டம்தான். ஆனால் சமன் சரியாக உள்ள கதவைப் பேட்டரி இல்லாமலும் பெரும்பாலானவர்கள் கையாலேயே தூக்கிவிட முடியும். சமன் போன கதவு இருட்டில் ஒரு சுவர்.

உங்கள் வீட்டில் இப்படிக் கதவு இருந்தால் மாதம் ஒருமுறை இதைச் செய்து பாருங்கள். கதவு மூடியிருக்கும்போது ஓப்பனரிலிருந்து தொங்கும் சிவப்புக் கயிற்றை இழுத்துக் கதவை விடுவியுங்கள். திறந்த நிலையில் இழுக்காதீர்கள், ஸ்பிரிங் பழுதாக இருந்தால் கதவு தடாலென்று விழும். பிறகு கையால் பாதிவரை தூக்கி மெதுவாகக் கையை எடுங்கள். அங்கேயே நின்றால் நல்லது. இறங்கினாலோ தானாக மேலே ஏறினாலோ மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். ஸ்பிரிங்கை மட்டும் நீங்களே கழற்றாதீர்கள். அதில் முறுக்கிவைத்திருப்பது அந்தக் கதவின் முழு எடை.