லோட்டஸ் கார்ல்டன்: ஒரு குடும்பக் காரின் 283 கிலோமீட்டர்

பழைய சத்ரியா ஜி.டி.ஐ. வைத்திருப்பவரிடம் பேச்சுக் கொடுத்தால், காடியில் ஒட்டியிருக்கும் ‘ஹேண்ட்லிங் பை லோட்டஸ்’ என்ற வரியைத்தான் முதலில் காட்டுவார். 1996இல் அந்த லோட்டஸை நம்ம புரோட்டோன் வாங்கியது. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் லோட்டஸ் செய்த ஒரு செடான் பற்றி இங்கே அதிகம் பேச்சில்லை.

அப்போது லோட்டஸ், ஜெனரல் மோட்டார்ஸின் கையில் இருந்தது. ஜெர்மனியில் ஓப்பல் ஒமேகா, பிரிட்டனில் வோக்ஸால் கார்ல்டன் என்று விற்ற நான்கு கதவு குடும்பக் காரை உலகின் மிக வேகமான செடான்களில் ஒன்றாக்குவது திட்டம். ஜெர்மனியில் முழுசாகக் கட்டி முடித்த கார்களை இங்கிலாந்தின் ஹெத்தலுக்குக் கொண்டுவந்து, மறுபடி பிரித்து, சக்கர வளைவுகளை வெட்டி அகலப்படுத்தினார்கள். கேட்கக் கிறுக்குத்தனமாக இருக்கும். ஆனால் சில நூறு கார்களுக்காகத் தனி உற்பத்தி வரிசை போடுவது அதைவிடக் கிறுக்குத்தனம்.

எனக்குப் பிடித்தது இதன் காற்றுக் கணக்கு. காற்றுத் தடையை வெல்லும் திறன் வேகத்தின் முப்படிக்கு ஏற்ப உயரும். வேகம் இரட்டிப்பாக எட்டு மடங்கு திறன் வேணும். மூலக் காரான ஜி.எஸ்.ஐ. 24 வால்வு, 204 குதிரைத்திறனில் மணிக்கு 240 கிலோமீட்டர் போனது. 283 என்றால் 18 விழுக்காடுதானே கூடுதல் என்று தோணும். கணக்குப் போட்டால் ஏறக்குறைய 335 வருகிறது. லோட்டஸ் கொடுத்ததோ 382. மிச்சம் எங்கே போச்சு? அகலமான டயர், எஞ்சினைக் குளிரவைக்கும் காற்றுத் திறப்புகள், பின்பக்கம் மேலெழாமல் பிடிக்கும் பெரிய ஸ்பாய்லர். வேகத்துக்காகச் சேர்த்ததெல்லாம் வேகத்தையே கொஞ்சம் தின்றது.

3.0 லிட்டர் ஆறு சிலிண்டர் எஞ்சினின் ஸ்ட்ரோக்கை 69.8 மில்லிமீட்டரிலிருந்து 85க்கு நீட்டி 3.6 லிட்டராக்கினார்கள். அதோடு இரண்டு கேரட் டி25 டர்போக்கள். பெரிய ஒன்றைவிடச் சின்ன இரண்டு சீக்கிரம் சுழலும். அழுத்தப்பட்ட காற்று சூடானால் எஞ்சின் நாக் அடிக்கும். அதனால் தண்ணீரில் குளிரும் இன்டர்கூலர் வந்தது, கம்ப்ரஷன் விகிதம் 8.2க்கு இறங்கியது. 568 நியூட்டன் மீட்டர் டார்க்கைத் தாங்க அமெரிக்க கார்வெட் ஸெட்.ஆர்.1இன் ஆறு கியர் பெட்டி, ஆஸ்திரேலிய ஹோல்டனின் டிஃப்ரன்ஷியல். ஒட்டுவேலை என்று சிலர் சிரிக்கலாம். அடுத்தவன் பாகத்தை அதன் எல்லை தெரிந்து பொருத்துவது, புதுசாக வரைவதைவிடச் சுலபம் இல்லை.

பெரிய ஜெர்மன் நிறுவனங்கள் தங்கள் கார்களை 250இல் நிறுத்தத் தொடங்கியிருந்த காலம் அது. கார்ல்டனில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. நெடுஞ்சாலை வரம்பு 112 கிலோமீட்டராக உள்ள பிரிட்டனில் பத்திரிகைகள் கொதித்தன. தடை செய் என்றன. முன்னால் 330 மில்லிமீட்டர் பிரேக் தட்டு, நான்கு பிஸ்டன் காலிப்பர் என்று நான் அடுக்கலாம். ஆனால் கேள்வி அதுவல்ல. ‘ஓட்டுபவர் பொறுப்பு’ என்பது எங்கள் துறை வசதியாகச் சொல்லிக்கொள்ளும் பதில். எனக்கு அதில் முழுத் திருப்தி இல்லை.

தடை வரவில்லை. 48,000 பவுண்டு விலையும் பொருளாதார மந்தமும்தான் அதை நிறுத்தின. 1,100 கார்கள் திட்டமிட்டு, 1992 முடிவதற்குள் 950 கட்டியதோடு சரி. 1993இல் இங்கிலாந்தில் அதில் ஒன்று திருடுபோனது. திருடர்கள் அதை வைத்தே இரவுகளில் கடைகளை உடைத்தார்கள். போலீஸ் கார்களால் கிட்ட நெருங்கக்கூட முடியவில்லை. கார் கடைசிவரை கிடைக்கவே இல்லை.